மேகம் கலையும் வரை

யமுனா அழுது நாற்பத்தொரு மணி நேரம் ஆகியிருந்தது.

பால் பொங்குவதற்காக அடுப்படியில் காத்து நின்றபோதுதான் வித்யாஸ்ரீ அதைக் கணக்குப் பார்த்தாள். சனிக்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்கு, மலைப்பாதையின் ஒரு வளைவில், கடைசி அழுகை. இன்று திங்கட்கிழமை, காலை ஒன்பதரை. இடையில் புது வீடு, புது இருட்டு, கண்ணில் பட்ட சோப்பு, நேற்று மத்தியானம் கதவிடுக்கில் நசுங்கிய ஆள்காட்டி விரல். நாலு வயதுப் பிள்ளை அந்த விரலை மெதுவாக உருவி எடுத்து, நகம் கறுத்து வருவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அதே கையால் பிஸ்கட்டை எடுத்துத் தின்றது.

“மலைக்காத்து என்ர பிள்ளையைத் தைரியசாலி ஆக்கிருச்சு பாரு” என்றான் அருள்பிரகாஷ்.

அவன் சந்தோஷப்பட்டதில் தப்பில்லை. கொல்லிமலைக்கு அவர்கள் குடிவந்ததே யமுனாவின் நெஞ்சுக்காகத்தான். அம்பத்தூரில் அவர்கள் இருந்த மூன்றாவது மாடி வீட்டில் ஜன்னலைத் திறந்தால் லாரிப் புகை, சாத்தினால் பூஞ்சை வாசம். மாதத்தில் பாதி நாள் பிள்ளை மூக்கில் நெபுலைசர் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இடத்தை மாற்றிப் பாருங்கள் என்று டாக்டர் சொன்னார். அருள்பிரகாஷ் ராசிபுரத்துக்காரன். வீட்டிலிருந்தே பார்க்கிற கம்ப்யூட்டர் வேலை. அவனுடைய சிநேகிதன் ஒருவனுக்கு மலைமேல் திண்ணனூர் நாட்டுப் பகுதியில் மிளகுத் தோட்டமும், அதற்கு நடுவே ஆளில்லாத ஓர் ஓட்டு வீடும் இருந்தன. ஆறு மாசம் இருந்து பார்ப்போம், பிடிக்கவில்லை என்றால் திரும்பிவிடலாம் என்று பேசி முடித்தார்கள். யமுனாவை யாரும் கேட்கவில்லை. அவள்தான் வழியெல்லாம் பதில் சொல்லிக்கொண்டு வந்தாள், தொண்டை கிழிய.

இப்போது வீசிங் இல்லை. அதுதான் வித்யாவைத் தூங்க விடாமல் செய்தது.

நாலு வருஷமாக அவள் தூங்கியது அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான். மூச்சு உள்ளே போகும்போது ஒன்றும் இருக்காது; வெளியே வரும்போது மட்டும் நெஞ்சுக்குள் எங்கோ ஒரு பூனைக்குட்டி மாட்டிக்கொண்டதுபோல மெல்லிய விசில் கேட்கும், அது ஏறினால் அவள் எழுந்துகொள்வாள், இறங்கினால் கண்ணை மூடுவாள். இந்த வீட்டுக்கு வந்த அன்று இரவு ஓட்டிலிருந்து சொட்டிய பனியைக் கேட்டாள், பலா மரத்து இலைகள் ஒன்றன்மேல் ஒன்று உரசுவதைக் கேட்டாள், பரணில் எலி எதையோ இழுத்துக்கொண்டு போய் நிறுத்தி மறுபடி இழுப்பதைக் கேட்டாள், அந்த ஓரம் படுத்திருந்த அருள்பிரகாஷின் வயிறு உறுமுவதைக்கூடக் கேட்டாள். இருவருக்கும் நடுவில் படுத்திருந்த பிள்ளையிடமிருந்து மட்டும் எதுவும் வரவில்லை. மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். ஈரமான குளிர் மட்டும் இருந்தது. ஜன்னலிலிருந்து வருவது என்று நினைத்துக்கொண்டாள்.

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது.

வாசலில் செல்வத்தின் பைக் நின்றது. மிளகு பறிக்கும் ஆட்களில் ஒருத்தியான கண்ணாயியின் புருஷன் அவன். அருள்பிரகாஷைச் செம்மேட்டுக்குக் கூட்டிப்போக வந்திருந்தான். இன்டர்நெட் கனெக்‌ஷன் விஷயமாக அங்கே ஓர் ஆளைப் பார்க்கவேண்டும். ஜனவரிக் குளிர். பேசுகிறவர் வாயிலிருந்தெல்லாம் ஆவி வந்தது. கண்ணாயியும் கூடையோடு வேலிப் பக்கம் வந்து நின்றாள். முப்பத்தைந்து வயதிருக்கும், வாய் ஓயாத பெண்.

“ஏனுங்க, உங்காளு பீடி குடிக்கிறாரா, வெறும் வாயில பொகை வுடறாரா?” என்று வித்யாவிடம் கேட்டாள்.

அருள்பிரகாஷ் சிரித்துக்கொண்டு இன்னும் பெரிதாக ஊதினான். “யமு, இங்க வா. அப்பா மாதிரி ஊது பாக்கலாம்.”

யமுனா வந்தாள். அப்பாவைப் பார்த்தாள். கன்னத்தை உப்பிக்கொண்டு ஊதினாள்.

ஒன்றும் வரவில்லை. காற்று காற்றாகவே இருந்தது.

“சின்ன வாயி, அதான்” என்று அருள்பிரகாஷ் அவள் தலையைக் கலைத்துவிட்டு பைக்கில் ஏறிக்கொண்டான். வித்யா கண்ணாயியைப் பார்த்தாள். சனிக்கிழமை அவர்கள் வந்து இறங்கியபோது இதே கண்ணாயிதான் “வாடி என்ர சாமி” என்று கையை நீட்டித் தூக்கப் போனவள். பிள்ளையின் கை பட்டதும் விட்டுவிட்டாள். “சில்லுனு இருக்குதுங்க” என்று மட்டும் சொன்னாள். அதற்கப்புறம் கண்ணு, சாமி என்ற ஒரு வார்த்தை யமுனாவைப் பார்த்து அவள் வாயிலிருந்து வரவில்லை. இப்போதும் அவள் பார்த்தது பிள்ளையின் முகத்தை இல்லை, அதன் வாய்க்கு முன்னால் இருந்த வெறும் காற்றை.

“நான் வாரேனுங்க” என்று கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வீட்டில் இருவர் மட்டும்.

யமுனா தரையில் உட்கார்ந்து பெட்டியிலிருந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். யாரும் சொல்லவில்லை. முனைகளைச் சேர்த்து, தட்டி, அடுக்கி. போன வாரம்வரை சட்டையின் எந்த ஓட்டையில் தலையை விடுவது என்பதற்கே ஒப்பாரி வைத்த பிள்ளை. வித்யா எதிரில் உட்கார்ந்தாள். என்ன செய்கிறோம் என்று தெரியாமலே, வேலியோரக் கொடியிலிருந்து காலையில் பறித்து வைத்திருந்த பச்சை மிளகுக் கொத்தை எடுத்து, ஒரு மணியை நீட்டினாள்.

“ஆ காட்டு.”

வாய் திறந்தது. மென்றது. முழுங்கியது.

“காரமா இருக்கா?”

தலை ஆடியது. ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். வித்யா இன்னொன்று கொடுத்தாள். பிறகு இன்னொன்று. சாம்பாரில் ஒரு கடுகு கடிபட்டாலே தட்டைத் தள்ளுகிறவள். கொத்து முழுதும் தீர்ந்தது. பிள்ளையின் கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. வித்யாவின் கண்ணில்தான் வந்தது. விரலில் இருந்த காரத்தைத் தெரியாமல் அங்கே தேய்த்துவிட்டாள்.

அப்புறம் கிள்ளினாள்.

தொடையில், கவுன் விளிம்புக்குக் கீழே, நகம் பதிய. முதலில் மெதுவாக. பின்னர் பல்லைக் கடித்துக்கொண்டு. அழு. ஒரு தரம் அழு. தோல் வெளுத்தது, வெளுத்த இடம் சிவக்கவில்லை. யமுனா மடித்த துணியைக் கீழே வைத்தாள். அம்மாவின் கையைப் பார்த்தாள். அம்மாவுக்கு என்ன வேண்டும் என்று யோசிப்பதுபோல இருந்தது அந்தப் பார்வை.

பிறகு கவுனைக் கொஞ்சம் தூக்கி மற்றத் தொடையைக் காட்டினாள்.

வித்யா எழுந்து பின்கட்டுக்கு ஓடினாள்.

துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்து, சனிக்கிழமையை மறுபடி முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தாள். சேலத்தில் சாப்பிட்டது. அங்கே ஆரம்பித்த அழுகை. “வீட்டுக்குப் போலாம்.” வீட்டுக்குத்தான் போறோம் கண்ணு. “இல்ல, நம்ம வீட்டுக்கு.” முன் சீட்டை உதைத்தாள், வித்யாவின் முடியைப் பிடித்து இழுத்தாள், “நீ கெட்ட அம்மா, எனக்கு வேண்டாம்” என்று ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பக் கத்தினாள். வீடு மாற்றுகிற அலைச்சலில் வித்யா நாலு நாளாகச் சரியாகத் தூங்கியிருக்கவில்லை. காரவள்ளியில் மலையேறத் தொடங்கியதும் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அந்தக் கத்தல் காருக்குள் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் சாய்ந்தது. பாதிக்கு மேல் ஏறிய பிறகு மேகம் இறங்கியது. வண்டியின் மூக்கு தெரியவில்லை. அப்போது பிள்ளை வாந்தி எடுத்தது.

அருள்பிரகாஷ் வண்டியை ஒரு வளைவில், தடுப்புச் சுவரை ஒட்டி நிறுத்தினான். சாமான் லாரி முன்னாலேயே மேலே போய்விட்டது. டிரைவர் போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தான். சிக்னல் கிடைக்கிற இடம் தேடி அருள்பிரகாஷ் ரோட்டில் முன்னால் நடந்து போனான். வித்யா பிள்ளையை இறக்கிச் சுவரோரம் விட்டாள், தண்ணீர் பாட்டில் எடுக்கப் பின் சீட்டுக்குள் குனிந்தாள், நிமிர்ந்தாள். வெள்ளை. பிறகு வண்டியின் மறுபக்கக் கதவைத் திறந்துகொண்டு யமுனா தானே ஏறினாள். வாயைத் தானே துடைத்துக்கொண்டாள். வித்யாவின் தோளில் சாய்ந்தாள். சத்தமே இல்லை. அந்த அமைதி எப்படி இருந்தது என்றால், பல் வலி சட்டென்று நின்றால் இருக்குமே, அப்படி. அருள்பிரகாஷ் திரும்பி வந்தான். வண்டி கிளம்பியது.

அவ்வளவுதான் நடந்தது. யார் கேட்டாலும் வித்யா அவ்வளவுதான் சொல்வாள்.

மத்தியானம் மேகம் மறுபடி இறங்கியது. இந்த மலையில் அது வானத்திலிருந்து வருவதில்லை. பள்ளத்திலிருந்து ஏறி, மரத்துக்கு மரம் தாவி, வேலியைத் தாண்டி வாசலுக்கு வருகிறது. முதலில் பலா மரம் போனது, அப்புறம் வேலி. மேகத்துக்குள் ஈரச் சாக்கு மாதிரி வாசம். தோட்டத்தில் பறித்துக்கொண்டிருந்த ஆட்களின் பேச்சு சட்டென்று நின்றது.

“ஊய்” என்று கண்ணாயியின் குரல்.

“ஊய்.” மரத்து உச்சியிலிருந்து ஓர் ஆண். “ஊய்.” இன்னொரு மரம். ஒவ்வொருவராகப் பதில் கொடுத்தார்கள். காலையில் வேலியைத் தாண்டிப் போனவர்கள் ஆறு பேர். வித்யா எண்ண நினைக்கவில்லை, ஆனால் எண்ணிவிட்டாள்.

ஏழாவதாக ஒரு “ஊய்” வந்தது. பள்ளத்துப் பக்கமிருந்து. கொஞ்சம் தாமதமாக.

தோட்டம் முழுதும் அப்படியே உறைந்தது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். அப்புறம் மேலேயிருந்து அந்த ஆண் குரல்: “ஏனக்கா, வந்தவங்களுக்கும் இன்னிக்குக் கூலி உண்டா?”

“உம் பங்குல இருந்து குடுத்துக்க சின்னராசு. மூடிட்டு மரத்துலயே உக்காரு” என்றாள் கண்ணாயி.

சிரித்தார்கள். ஆனால் யாரும் இறங்கவில்லை, யாரும் நடக்கவில்லை. வித்யா வேலியருகே போனாள். அந்தப் பக்கம் தரையில் முதுகைக் காட்டிக்கொண்டு கண்ணாயி உட்கார்ந்திருந்தாள். தலையில் போட்டிருந்த சாக்குதான் தெரிந்தது.

“என்னாச்சுங்க?”

“வேலிக்கு அந்தப் பக்கமே நில்லுங்க அம்மிணி. நான் திரும்ப மாட்டேன், தப்பா நெனைக்காதீங்க. ஒரு கொரலு சேத்தி வந்துருச்சு. இப்படி வந்தா கலையற வரைக்கும் அவிகவிக இருந்த எடத்துலயே இருக்கோணும். யாரு மூஞ்சியும் பாக்கறதில்ல, யாரையும் ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போறதில்ல.”

“கலைஞ்சா?”

“நெசமான ஆளு நிக்கும். மத்தது நிக்காது. அரை நாள் வேல போச்சு, அவ்வளவுதான்.” காறித் துப்பினாள். “எங்களுக்கென்ன, உக்காரப் புடிக்கும்.”

வித்யா வேலிக் குச்சியைப் பிடித்துக்கொண்டாள். “காத்திருக்காம, தெரியாம கூட்டிட்டுப் போயிட்டா?”

கண்ணாயி சாக்கை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“கூட்டிட்டுப் போயி நம்மூட்டுச் சோத்தைப் போட்டா, அப்புறம் அது நம்மூட்டு ஆளுதாங்க. கலையாது. ஒரு தொந்தரவும் பண்ணாது. நோவு நொடி இல்ல, அடம் இல்ல.”

“விட்டுட்டு வந்த ஆளு?”

“அதப் பத்தி இங்க யாரும் பேசறதில்லீங்க.” பிறகு, வேறு குரலில்: “ஏன் கேக்கறீங்க? வர்ற வழியில எங்கியாச்சும் எறங்குனீங்களா?”

“பாப்பா வாந்தி எடுத்தா.”

“மேகமா?”

“ஆமா.”

“அப்ப எதாச்சும் சத்தம் கேட்டுச்சுங்களா?”

“இல்லை” என்றாள் வித்யா.

கண்ணாயி பெருமூச்சு விட்டாள். “அப்ப ஒண்ணுமில்லீங்க. ரெண்டு இருந்தா ஒண்ணு கூப்புடாம இருக்காது. அதுவும் பிள்ளை. பெத்தவளுக்குக் கேக்காம இருக்குமா? பேசாம போயி ஒலைய வைய்யுங்க.”

வித்யா திரும்பினாள். வாசல்படியில் யமுனா நின்றிருந்தாள். மேகம் அவளைச் சுற்றி நகர்ந்தது; அவள் நின்ற இடத்தில் மட்டும் கொஞ்சம் கெட்டியாக இருந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

கைப்பையின் ஓரத்தில் இன்ஹேலர் இருந்தது. நீல நிறம். வித்யா அதை எடுத்து ஆட்டிப் பார்த்தாள். நிறைய இருந்தது. அங்கே அந்த வளைவில் ஒரு பிள்ளை இருந்தால், ஒரு பேச்சுக்கு, இருந்தால், இரண்டு இரவு. ஸ்வெட்டர் இல்லை. அது காரில்தான் இருந்தது. சனிக்கிழமை இரவு பதினொரு மணிக்கு மழை தூறியது. அவளுக்கு நினைவிருந்தது. அப்போது அவள் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

அருள்பிரகாஷ் மூன்று மணிக்கு வந்தான். வேலை முடிந்த குஷி. செம்மேட்டிலிருந்து வாழைப்பழத் தாரோடு வந்திருந்தான்.

“என்னங்க, அந்த வளைவுக்கு ஒரு தரம் போகணும்.”

“எந்த வளைவு?”

“பாப்பா வாந்தி எடுத்த இடம்.”

“எதையாவது விட்டுட்டு வந்துட்டியா?”

வித்யா இன்ஹேலரைக் கைக்குள் மூடிக்கொண்டாள். “போய்ப் பாத்துட்டு வந்துடலாம். மேகம் கலையற வரைக்கும் அங்க இருக்கணும். அப்புறம் எதுவும் கேக்க மாட்டேன்.”

“யார் என்ன சொன்னது? கண்ணாயியா?” அவன் தாரைக் கீழே வைத்தான். “இத பாரு. பிள்ளை மூச்சு விடுறதுக்காக வீட்டை, ஊரை எல்லாம் விட்டுட்டு வந்துருக்கேன். ரெண்டு நாளா நல்லா இருக்கா. அது உனக்குப் பொறுக்கலையா? அழுதாத்தான் உன்ர பிள்ளையா?”

“ஆமா” என்றாள்.

அவன் அவளைப் பார்த்தான். சாவியை எடுத்தான்.

அவர்கள் வெளியே வந்தபோது யமுனா ஏற்கெனவே காரில் இருந்தாள். பின் சீட்டில், பெல்ட் போட்டுக்கொண்டு. ஷூ கால் மாறாமல்.

கீழே இறங்க இறங்க மேகம் தடித்தது. அருள்பிரகாஷ் ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்தான், பதில் ஹாரன் வந்தால் நின்றான், விளக்கு இரண்டு மஞ்சள் கறையாக வந்து பக்கத்தில் உரசிக்கொண்டு போனதும் மறுபடி நகர்த்தினான். பிரேக் சூடாகிற வாசம். தடுப்புச் சுவர்களின் கறுப்பு வெள்ளைப் பட்டைகள் ஒன்றுபோலவே வந்துகொண்டிருந்தன. எந்த வளைவு என்று வித்யாவுக்குத் தெரியவில்லை. சுவர் ஓரிடத்தில் உடைந்து ஓர் ஆள் நுழையும் அளவுக்கு வாயிருக்கும் என்பது மட்டும் தெரியும். அது எப்படித் தெரியும் என்று தன்னையே கேட்டுக்கொள்ள அவள் விரும்பவில்லை.

“இங்க” என்றாள் யமுனா.

அருள்பிரகாஷ் பிரேக்கை மிதித்தான். “அட! ஞாபகம் வச்சிருக்கா பாரேன்!”

சுவர். உடைந்த வாய். அதற்கப்பால் வெள்ளை.

வித்யா இறங்கினாள். கதவைத் திறந்தே விட்டாள். சுவரிடம் போய் நின்று, உள்ளே மூச்சை இழுத்து, “யமு” என்று கூப்பிட்டாள். பாறை அதைத் திருப்பிக் கொடுத்தது. மறுபடி, இன்னும் சத்தமாகக் கூப்பிட்டாள். அதுவும் திரும்பியது. காருக்குள் இருந்தவள் “ம்” என்று சொல்லவில்லை. அருள்பிரகாஷ் வண்டியை ஓரங்கட்டிவிட்டு இறங்கினான். சுவரில் உட்கார்ந்து போனைப் பார்த்தான். பிறகு போனைப் பார்ப்பதையும் நிறுத்தினான்.

காத்திருந்தார்கள்.

இலையிலிருந்து சொட்டு. ஒன்று. நெடுநேரம் கழித்து இன்னொன்று. கீழே எங்கோ ஒரு கல் உருண்டு, நின்றது. வித்யா இன்ஹேலரை உள்ளங்கையில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். கலையட்டும். நெசமான ஆள் நிற்கும். அவள் ஒவ்வொரு முறையும் முதலில் சுவருக்கு அப்பால் பார்த்தாள், பிறகு காரைப் பார்த்தாள். கார் கண்ணாடியில் ஒரு சின்ன முகம். மறைந்தது. மறுபடி வந்தது. இப்போது இல்லை.

இருக்கிறது.

இல்லை.

இருக்கிறது.

காற்று வந்தது. பள்ளத்திலிருந்து மேலேறி வந்த காற்று மேகத்தைத் துணி உருவுவதுபோல ரோட்டின் மேலாக உருவிக்கொண்டு போனது, முதலில் சுவர் முழுதாக வந்தது, பிறகு சரிவு, உண்ணிச்செடிப் புதர், பாறைகள், அதற்கும் கீழே, மிகக் கீழே, சாயங்கால வெயிலில் மஞ்சளாகக் கிடந்த சமவெளியும் ஒரு துண்டு ஏரியும். எல்லாம் கழுவி வைத்த மாதிரி துலக்கமாக இருந்தன.

சரிவில் யாரும் இல்லை.

வித்யா மெதுவாகக் காரின் பக்கம் திரும்பினாள். பின் சீட்டில் யமுனா உட்கார்ந்திருந்தாள். வெயில் அவள் மடியில் விழுந்திருந்தது. நிழல் இருந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் இருப்பது போல.

கலையவில்லை.

“பாத்தியா?” அருள்பிரகாஷ் சிரித்தான், குரலில் இருந்த பயம் வெளியேறுகிற சிரிப்பு. “ஒண்ணுமில்ல. வா, போலாம். போயி ஒரு டீ குடிப்போம்.” அவன் எழுந்து, கால் சட்டையைத் தட்டிக்கொண்டு, உடைந்த வாய் வழியாகச் சும்மா ஒருமுறை எட்டிப் பார்த்தான். “இதென்ன?”

சுவரின் அந்தப் பக்கம், மூன்று முழம் கீழே, மண்ணும் கல்லுமாகச் சின்னத் திட்டு. ஓர் ஆள் நிற்க முடியாது. சின்ன உடம்பு குந்தலாம். அங்கே புல் ஒரு வட்டமாக அமுங்கியிருந்தது. திட்டிலிருந்து மேலே, சுவரின் வெளிப்பக்கத்துப் பாசியில், கோடுகள். நாலு நாலாக. குட்டையாக. ஒன்றன்மேல் ஒன்று, ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப, அடியில் பாசி முழுதும் உரிந்து கல் வெளுத்திருந்தது. மேலே போகப் போகக் குறைந்து, சுவரின் விளிம்புக்கு ஒரு சாண் இருக்கையில் எல்லாக் கோடுகளும் நின்றிருந்தன. திட்டின் வெளி ஓரம் புதிதாக இடிந்திருந்தது. ஈர மண் செக்கச் சிவப்பாக.

“குரங்கு” என்றான் அருள்பிரகாஷ். அதையே இன்னொரு முறை சொன்னான். பிறகு அவளைப் பார்த்தான். “குரங்குதானே வித்யா? நீதான அவகூட இருந்த. அன்னிக்கு இங்க என்ன நடந்துச்சு?”

“வாந்தி எடுத்தா. ஏறிக்கிட்டா. கிளம்பிட்டோம்.”

“வேற எதுவும் இல்லையே?”

“இல்லை.”

காரின் கண்ணாடி இறங்கும் சத்தம் கேட்டது. யமுனா கையை விளிம்பில் வைத்து, அதன்மேல் கன்னத்தை வைத்து, இருவரையும் பார்த்தாள். கோபம் இல்லை. பிள்ளைகள் பெரியவர்களின் மறதியைத் திருத்துவார்களே, அந்தப் பொறுமை.

“அவ அங்க நின்னுட்டு கையைத் தூக்கினாப்பா” என்றாள். “தூக்கும்மான்னு அழுதா. அம்மா அவளைப் பாத்தாங்க. அப்புறம் என்னையப் பாத்தாங்க. நான் அழல. அதனால அம்மா கண்ணாடிய ஏத்திட்டாங்க.”